ரயிலில் வந்து துரையப்பா அரங்கில் உதைபந்தாட்டம் பார்த்து, மிச்ச நேரத்தில் ஊரும் பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: வெள்ளவத்தையில் இருந்து நாலு நண்பர்கள் ரயிலில் யாழ்ப்பாணம் வருகிறார்கள். சனிக்கிழமை பின்னேரம் துரையப்பா விளையாட்டரங்கில் ஒரு உதைபந்தாட்ட இறுதியாட்டம். ஞாயிறு திரும்ப வேண்டும். ஆட்டம் போக அக்கம்பக்கத்தில் எந்த ஊர்களைப் பார்க்கலாம், எதில் போவது?

தம்பி, இப்படி யாரும் கேட்டால் நல்லூர், நூலகம், நயினாதீவு, கசூரினா கடற்கரை என்று ஒரு பட்டியல் எல்லாரிடமும் ரெடியாக இருக்கும். அதில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் நீங்கள் வருவது பந்து பார்க்க. அதனால் நான் சொல்வது வேறு. இறுதியாட்டத்தில் மோதுகிற இரண்டு அணிகளும் எந்த ஊர் என்று பாருங்கள், அந்த இரண்டு ஊருக்கும் போங்கள். இங்கே கழகத்தின் பெயரைத் தனியே யாரும் சொல்வதில்லை, ஊர்ப் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டுதான் வரும். பாசையூர் சென் அன்ரனிஸ், நாவாந்துறை சென் மேரிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், ஊரெழு றோயல், வதிரி டயமன்ட்ஸ், மயிலங்காடு ஞானமுருகன். அணியின் பெயரிலேயே விலாசம் இருக்கிறது, பிறகு எதற்குத் தனியாக ஒரு சுற்றுலா வழிகாட்டி?

முதலில் ரயில். வெள்ளி இரவு மெயிலில் ஏறுவதுதான் உங்களுக்குச் சரி. சனி விடியப்புறம் வந்து இறங்கினால் ஆட்டம் தொடங்க முதல் முழுசாக ஒரு பகல் கையில் இருக்கும். காலை யாழ்தேவியில் வந்தால் நாள் முழுக்க ரயிலிலேயே போய்விடும், அது கொஞ்சம் பிந்தினாலும் நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நேரே மைதானத்துக்கு ஓட வேண்டியிருக்கும். ஆனால் இரவு ரயிலில் ஒரு நட்டம் உண்டு, வழி தெரியாது. அதனால் போகும்போது இரவு, திரும்பும்போது பகல் என்று வைத்தால் இரண்டும் கிடைக்கும். கொழும்புக் கோட்டையில் இருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், இருக்கை பதிவு செய்யாமல் மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டு வருகிற தூரம் இல்லை. வார இறுதி இருக்கைகள் ஒரு மாதத்துக்கு முன்னமே பறந்துவிடும், நல்லூர்த் திருவிழா நடக்கும் ஓகஸ்ட் மாதம் என்றால் கேட்கவே வேண்டாம், அறையும் கிடைக்காது, ரயிலும் கிடைக்காது. பதிவு செய்யும்போது கொடுத்த அடையாள அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். நேர அட்டவணை இந்த வழியில் அடிக்கடி மாறும், பாதைத் திருத்த வேலை என்று மாதக்கணக்கில் மூடிய காலங்களும் உண்டு, ஆகவே போன வருசம் வந்த ஒருவர் சொன்ன நேரத்தை நம்பாமல் வெளிக்கிடும் வாரத்தில் ரயில்வே திணைக்களத்தின் இணையத்தளத்தில் ஒருதரம் பாருங்கள்.

அதைவிட முக்கியம், ஆட்டம் அன்றைக்கு நடக்குமா என்பது. உள்ளூர்ச் சுற்றுப்போட்டிகளில் இறுதியாட்டத் திகதி மாறுவது இங்கே புதினம் இல்லை. ஒரு அணி ஆட்சேபணை போடும், மழை பெய்யும், ஊரில் ஒரு செத்தவீடு வரும், உடனே அடுத்த கிழமை. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரைக்கும் வடக்கில் மாரி, அந்த நேரம் மைதானம் சேறாகிவிடும், ஆட்டத்துக்காக மட்டும் கொழும்பில் இருந்து வருவது அப்போது சூதாட்டம். மாசிக்குப் பிறகு வந்தால் வெயில்தான் பிரச்சினை, மழை பெரிதாக இல்லை. ஏற்பாட்டுக்குழுவின் முகநூல் பக்கத்தை வியாழக்கிழமை வரைக்கும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஸ்ரேஷனில் இறங்கினால் துரையப்பா அரங்கு தூரம் இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கமாக நடந்து பஸ் நிலையத்தைக் கடந்தால் நூலகம், கோட்டை, மத்திய கல்லூரி எல்லாம் ஒரே வளைவுக்குள் வந்துவிடும், அரங்கும் அங்கேதான். பையோடு என்றால் ஓட்டோ பிடியுங்கள், பிக்மீ யாழ்ப்பாணத்திலும் ஓடுகிறது. அறையை நகரத்துக்குள்ளேயே எடுங்கள். அழகான விடுதி என்று தள்ளிப் போய் எங்காவது கடற்கரையில் எடுத்தால் ஆட்டம் முடிந்து இருட்டில் திரும்புவது கரைச்சல், உள்ளூர் பஸ் இரவு ஏழு மணிக்குப் பிறகு மிகவும் குறைவு.

அரங்கின் பெயர் நகர மேயராக இருந்த அல்பிரட் துரையப்பாவுடையது, 1975 யூலையில் சுட்டுக்கொல்லப்பட்டவர். போரில் பாழாகிக் கிடந்த இடத்தை இந்திய உதவியோடு திருத்தி 2016 யூனில் திறந்தார்கள். இப்போது வடக்கில் பெரிய ஆட்டம் என்றால் பெரும்பாலும் இங்கேதான். பின்னேர ஆட்டம் என்றால் மேற்குக் கரையில் இருங்கள், வெயில் முதுகில்தான் படும். எதிர்ப்பக்கம் இருந்தால் முதல் பாதி முழுக்க நெற்றியில் கையை வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் ஐரோப்பிய ஆட்டம் பார்த்துப் பழகின கண்ணுக்கு இங்கே பந்து அதிகம் ஆகாயத்தில் இருப்பது போலத் தெரியும். பாஸ் கொடுத்துக் கட்டி எழுப்புவது குறைவு, ஓட்டமும் உடம்பும்தான் கூட. ஆனால் கோட்டுக்கு வெளியே நடப்பதை விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் ஒரு ஊர், மற்றப் பக்கம் மற்ற ஊர், லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்திலும் மோட்டார் சைக்கிளிலும் மேளத்தோடு வந்து இறங்கியிருப்பார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் ஆட்டத்தையும் சொல்வார், நடுவில் கிண்ணம் அன்பளிப்புச் செய்த கனடா மாமாவின் பெயரையும் சொல்வார், வழியை மறித்து நிற்கும் மோட்டார் சைக்கிளின் இலக்கத்தையும் சொல்வார், கோல் விழுந்தால் மூன்றையும் மறந்து கத்துவார். கச்சான் சரை விற்கிற அம்மா மட்டும் ஆட்டத்தைப் பார்க்காமல் ஆட்களின் கையைத்தான் பார்த்துக்கொண்டு போவா. வீரனை அவனுடைய வீட்டுப் பெயரால் கூப்பிட்டுப் பேசுகிற ஆச்சிமார் பின்னால் இருந்தால் அந்த இடத்தை விட்டு எழும்பாதீர்கள், அவர்கள் சொல்கிற விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வராது. சமநிலை என்றால் பெரும்பாலும் நேரே தண்டனை உதைக்குப் போய்விடுவார்கள். நாவாந்துறை, குருநகர், பாசையூர் அணிகள் ஒன்றோடு ஒன்று மோதுகிற நாளில் சூடு கொஞ்சம் கூடும், தோற்ற பக்கத்து ஆட்களுக்குப் பக்கத்தில் நின்று மற்ற அணிக்குக் கை தட்ட வேண்டாம். அவ்வளவுதான், மற்றபடி வெளியாருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இனி ஊர்கள். சனி காலையை நகரத்தின் கரையோரத்துக்கு வையுங்கள். மேலே சொன்ன கழகங்களில் பாதி இந்தக் கரையில்தான் இருக்கின்றன, அரங்கில் இருந்து எல்லாம் சைக்கிள் ஓடுகிற தூரம். பல விடுதிகளில் வாடகைக்குச் சைக்கிள் தருவார்கள், யாழ்ப்பாணம் தட்டையான நிலம், ஏற்றம் என்று ஒன்று கிடையாது. விடிய வந்த களைப்பு இருந்தாலும் படுக்காமல் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு நேரே குருநகருக்குப் போங்கள், ஏனென்றால் படகுகள் கரைக்கு வருகிற நேரம் அது. நண்டும் இறாலும் மீனும் இறங்கும், ஏலம் கூறி விற்பார்கள், எட்டு ஒன்பது மணிக்குப் பிறகு போனால் வெறும் வலைதான் காயும். சென் ஜேம்ஸ் தேவாலயம் இங்கே. அப்படியே கரையோடு கிழக்கே போனால் பாசையூர், அங்கே அந்தோனியார் கோயில், யூன் 13 திருநாள். அந்தச் சமயம் வந்தால் ஊரே வெளியில்தான். மற்றப் பக்கம், கோட்டைக்கு மேற்கே நாவாந்துறை, ஒரே ஊரில் சென் மேரிஸ், சென் நீக்கிலஸ் என்று இரண்டு கழகம், இரண்டும் ஒரு இறுதியாட்டத்துக்கு வந்தால் அந்த ஊரில் அன்றைக்குச் சம்பந்தம் பேசக்கூட ஒருவரும் போகமாட்டார்கள்.

ஏன் இந்த மீனவ ஊர்களில் இவ்வளவு பந்து என்று கேட்பீர்கள். கத்தோலிக்கப் பங்குகளும் பாடசாலைகளும், சென் பற்றிக்ஸ் கல்லூரி மாதிரி, விளையாட்டை நன்றாக வளர்த்தது ஒரு காரணம். கழகங்களுக்கு இத்தனை புனிதர்களின் பெயர் வந்ததும் அதனால்தான். இன்னொன்று என் எண்ணம்: இரவு தொழிலுக்குப் போய் விடியக் கரைக்கு வருகிறவனுக்குப் பின்னேரம் ஓய்வு. தோட்டக்காரனுக்குப் பின்னேரம்தான் இறைப்பு. நாள்தோறும் நாலு மணிக்கு பதினொரு பேர் ஒரே இடத்தில் சேரக்கூடிய ஊர் எது என்று யோசித்துப் பாருங்கள்.

காலைச் சாப்பாடு பெரியகடைப் பக்கம் வந்து மலாயன் கபேயில் சாப்பிடலாம், பழைய சைவக் கடை, வாழை இலை. மத்தியானம் வெயிலில் திரிய வேண்டாம், நூலகத்துக்குள் போய் இருங்கள். 1981இல் எரிக்கப்பட்டு மீளக் கட்டப்பட்ட கட்டடம், உள்ளே போக நேரக் கட்டுப்பாடு உண்டு, வாசலில் விசாரித்துப் போங்கள். கோட்டையை வெயில் தாழ்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும், அந்த நேரம் நீங்கள் ஆட்டத்தில் இருப்பீர்கள், ஆகவே அது இந்த முறை இல்லை. இரவு கொத்து ரொட்டியோ பிட்டோ, பிறகு நல்லூர்ப் பக்கம் ஐஸ்கிறீம். றியோ கடையா லிங்கன் கடையா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வழி இருக்கிறது, இறுதியாட்டத்தில் ஆடிய அணியைப் பார்த்து முடிவெடுங்கள்.

வலிகாமத்து அணி, இளவாலை, ஊரெழு மாதிரி, ஆடினால் ரயிலிலேயே போங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பாதை யாழ்ப்பாணத்தோடு முடியவில்லை, கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று போய் காங்கேசன்துறைக் கடலடியில்தான் நிற்கும், இருபது கிலோமீட்டருக்குள் இத்தனை ஊர். கொழும்பில் இருந்து வருகிற ரயில்கள்தான் அங்கேயும் போகின்றன, ஆகவே நாளுக்குச் சில தரம்தான், நேரம் பார்த்து ஏற வேண்டும், விரைவு வண்டிகள் சின்ன ஸ்ரேஷன்களில் நிற்காது. ரிக்கெற் விலை ஒரு பிளேன்ரீக் காசு கணக்குத்தான். 1990இல் நின்ற யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்ரோபரில் திரும்ப வந்தது, காங்கேசன்துறை வரைக்கும் 2015 யனவரியில் ஓடியது. இடையில் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் போர்க்காலப் பங்கருக்குப் போய், பாதை இருந்த இடமே பற்றையாகிக் கிடந்தது. இப்போது ஓடுகிற பாதை முழுக்கப் புதிதாய்ப் போட்டது. யன்னல் பக்கம் இருங்கள், செம்பாட்டு மண், வாழைத் தோட்டம், வெங்காயம், வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற பனை, ஒவ்வொரு ஒழுங்கையும் தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் சைக்கிளை நிறுத்திக் காத்து நிற்கிற ஆட்கள். (சைக்கிளில் போகும்போது அந்தக் கடவைகளில் நீங்களும் கவனம், எல்லாவற்றுக்கும் படலை இல்லை.)

தெல்லிப்பழையில் இறங்குங்கள். மகாஜனக் கல்லூரி ஸ்ரேஷனில் இருந்து தூரம் இல்லை, 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை தொடங்கியது. (அரங்கின் துரையப்பா வேறு, இவர் வேறு.) உதைபந்தாட்டம் என்றால் ஆண்கள் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தப் பாடசாலையைக் காட்ட வேண்டும், இங்கத்தைய பெண்கள் அணி தேசிய மட்டத்தில் பலமுறை கிண்ணம் தூக்கிய அணி. ஞாயிற்றுக்கிழமை பாடசாலை பூட்டித்தான் இருக்கும், மைதானத்தில் பயிற்சி நடந்தால் உங்கள் அதிர்ஷ்டம். துர்க்கை அம்மன் கோயிலும் கிட்டத்தான். அங்கிருந்து ஒரு ஓட்டோவை அரை நாளுக்குப் பேசி எடுங்கள், நாலு பேர் கொஞ்சம் நெருக்கித்தான் இருக்க வேண்டும், ஆனால் அந்தப் பக்கத்து பஸ்சை நம்பினால் ஒரு ஊரோடு நாள் முடிந்துவிடும். விலையை ஏறமுதல் பேசுங்கள், ஏறின பிறகு இல்லை.

ஓட்டோவில் மேற்கே இளவாலை. சென் ஹென்றிஸ் கல்லூரியும் தேவாலயமும், பக்கத்தில் மைதானமும். யங் ஹென்றீசியன்ஸ் எங்கிருந்து வருகிறது என்பது அங்கே நின்றால் விளங்கும், பாடசாலையில் ஆடிய பெடியள் வளர்ந்து அப்படியே கழகமாகிறார்கள். பிறகு சேந்தாங்குளம் கடற்கரை, கடலோரமாகக் கிழக்கே திரும்பினால் கீரிமலை. கடலுக்குப் பக்கத்தில், மதில் ஒன்றுதான் இடையில், உப்பில்லாத தண்ணீர் ஊறுகிற கேணி. ஆண்களுக்கு வெளிக் கேணி, பெண்களுக்கு மறைப்போடு தனியாக. மாற்றுடுப்பு கொண்டு போங்கள், முதல்நாள் வெயிலில் காய்ந்த உடம்புக்கு இதைவிட வேறு மருந்து வேண்டாம். நகுலேஸ்வரம் சிவன் கோயில் பக்கத்திலேயே, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் காங்கேசன்துறை வீதிக்கு வருகிற வழியில். ஆடி அமாவாசை நாளில் மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம், பிதிர்க்கடன் கழிக்க வருகிற சனத்தில் கேணிக்குக் கிட்டவே போக முடியாது.

வடமராட்சி அணி, வதிரி மாதிரி, ஆடினால் ரயில் இல்லை, அந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது. யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் பருத்தித்துறை 750 எடுத்து நெல்லியடியில் இறங்குங்கள், வதிரி கிட்டத்தான். பிறகு அடுத்த பஸ்சில் பருத்தித்துறை. அங்கே வெளிச்சவீடு, துறைமுகம், பருத்தித்துறை வடை. வடையை ஒரு பைக்கற் இரண்டு பைக்கற் என்று வாங்காதீர்கள், மொறுமொறுவென்று பல நாள் இருக்கும், ரயிலுக்கும் வேண்டும். நேரம் இருந்தால் வல்லிபுரம் கோயிலும், அதற்கு அப்பால் மணற்காட்டில் மணல் மூடிய பழைய தேவாலயச் சுவர்களும். இதற்கும் ஓட்டோதான். கீரிமலையையும் பருத்தித்துறையையும் ஒரே நாளில் முடிக்கலாமா என்றால் முடிக்கலாம், ஆனால் இரண்டையும் பஸ் யன்னலால்தான் பார்ப்பீர்கள்.

நயினாதீவு, நெடுந்தீவு வேண்டாம் என்கிறேன். குறிகட்டுவானுக்கு பஸ், அங்கிருந்து படகு, திரும்பப் படகு, திரும்ப பஸ், ஞாயிறு ரயில் பிடிக்க வேண்டியவர்கள் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு கும்பிட வேண்டிவரும். தீவகத்து அணி எதுவும் வென்றால் அடுத்த முறை அதற்கென்றே வாருங்கள். தென்மராட்சிப் பக்கம் மாம்பழக் காலம் என்றால் கொடிகாமச் சந்தை ஒரு தரம் பார்க்கலாம், மற்றக் காலத்தில் ரயிலில் இருந்து பார்த்தால் போதும்.

திரும்புவது பற்றிக் கடைசியாக. முடிந்தால் திங்கள் ஒரு நாள் லீவு போட்டுக் காலை ரயிலில் போங்கள், அந்தப் பகல் பயணத்துக்காகவே சொல்கிறேன். நாவற்குழியில் கடல்நீரேரியைக் கடப்பீர்கள், பளை வரைக்கும் தென்னையும் பனையும், பிறகு ஆனையிறவு, இரண்டு பக்கமும் தண்ணீரும் உப்பளமும், நடுவில் நீங்களும் A9 வீதியும் மட்டும். லீவு கிடைக்காது என்றால் ஞாயிறு இரவுதான், அப்போது ஒரு சின்ன வேலை செய்யலாம். கொழும்பு ரயில்கள் பெரும்பாலும் காங்கேசன்துறையில்தான் வெளிக்கிடும், யாழ்ப்பாணத்தில் சனம் நிறைய ஏறும். பதிவு கிடைக்காதவர்கள் பையையும் கொண்டே கீரிமலைக்குப் போய்விட்டு, யாழ்ப்பாணத்துக்குத் திரும்பாமல் காங்கேசன்துறையிலேயே ஏறினால் மூன்றாம் வகுப்பிலும் யன்னல் இருக்கை கிடைக்கும். பதிவு செய்கிறவர்கள் ஏறுமிடத்தைக் காங்கேசன்துறை என்றே போடுங்கள். ரயிலுக்கு நேரம் இருந்தால் ஸ்ரேஷனில் இருந்து கடற்கரைக்கு நடந்து போகலாம், நாகபட்டினத்துக் கப்பல் வருகிற துறைமுகமும் அந்தப் பக்கம்தான். தண்ணீரும் சாப்பாடும் மட்டும் முதலே வாங்கி வையுங்கள், அந்த ஸ்ரேஷனடியில் கடை பெரிதாக இல்லை.